புள்ளிக்கு வலப்புறம்: இணையப் பின்னொட்டுகளுக்கான போட்டிகளும் வணிகக்குறி வழக்குகளும்

ஒரே பெயரைப் பலர் தத்தம் எல்லைக்குள் வைத்துக்கொண்டு தொழில் நடத்துவதற்கான ஏற்பாடாகவே வணிகக்குறிச் சட்டம் உலகெங்கும் வளர்ந்து வந்திருக்கிறது. சோப்பு செய்பவரும் மருத்துவக் கருவி செய்பவரும் ஒரே சொல்லைத் தத்தம் சரக்குக்குப் பதிந்துகொள்ளலாம்; ஒரு நாட்டில் பதிந்த குறி அடுத்த நாட்டில் வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம். சரக்குகளுக்கு 34, சேவைகளுக்கு 11 என இன்று 45 வகுப்புகளைக் கொண்ட நீஸ் வகைப்பாடும், பதிவின் பலன் நாட்டெல்லையோடு முடிந்துவிடும் என்ற கொள்கையும் இந்த இணக்கத்தைத் தாங்கும் இரு தூண்களாகும். இணையத்தின் பெயரமைப்பிலோ இவ்விரண்டுக்கும் இடமில்லை. அங்கே ஒரு பெயர் உலகம் முழுவதற்கும், எல்லாத் தொழில்களுக்குமாகச் சேர்த்து ஒருவருக்கு மட்டுமே வழங்கப்படும். பின்னொட்டுகளுக்காக நடந்த வழக்குகளையும் ஏலங்களையும் இந்த முரணிலிருந்தே தொடங்கிப் புரிந்துகொள்ள வேண்டும்.

டொமைன் பெயரமைப்பு 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவரால் வடிவமைக்கப்பட்டது. கணினிகளின் எண் முகவரிகளுக்கு மாற்றாக மனிதர் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க பெயர்களை வழங்கும் இவ்வமைப்பு வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவது. புள்ளிக்கு வலப்புறத்தில் இறுதியாக நிற்கும் பகுதியே மேல்நிலை டொமைன், பேச்சு வழக்கில் பின்னொட்டு. எல்லாப் பின்னொட்டுகளையும் அவற்றை நிருவகிப்போரையும் காட்டும் தலைமைப் பட்டியலுக்கு ‘வேர்’ என்று பெயர். ஒரு பின்னொட்டின் கீழ் பதிவாகும் பெயர்களையெல்லாம் தொகுத்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் பெறும் அமைப்பு பதிவகம் எனப்படும். டாட் காம், டாட் ஆர்க், டாட் எடு முதலிய பின்னொட்டுகள் 1984–85இல் வகுக்கப்பட்டபோது, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் போஸ்டல் பெரும்பாலும் தம் சொந்தத் தீர்ப்பின் பேரிலேயே வேர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டார். பெயருக்கு விலை இல்லாதிருந்த அக்காலத்தில் அவருடைய சொல்லை எவரும் பெரிதாக மறுக்கவில்லை.

விலை வந்ததும் நிலைமை மாறியது. பதிவுப் பணியை அமெரிக்க அரசிடமிருந்து ஒப்பந்தமாகப் பெற்றிருந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், 1995 செப்டம்பர் முதல் இரண்டு ஆண்டுப் பதிவுக்கு 100 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயர்களை முந்திப் பதிந்துகொண்டு பிறகு அவர்களிடமே விலை பேசும் தொழில் தோன்றிவிட்டது. திரைப்படக் கேமரா நிறுவனமான பேனாவிஷனின் பெயரைப் பதிந்திருந்தவர் அதை விட்டுக்கொடுக்க 13,000 டாலர் கேட்டார். அத்தகைய பதிவு வணிகக்குறியின் மதிப்பைக் குலைப்பது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், ‘சிஃபி’ என்ற தன் பெயரை ஒத்த டொமைன் பெயரை எதிர்த்து நடத்திய வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் அறிவித்தது. இவையெல்லாம் புள்ளிக்கு இடப்புறத்துச் சண்டைகள். ஆனால் வலப்புறம் ஒவ்வொரு புதிய பின்னொட்டு முளைக்கும்போதும் தங்கள் பெயரை மறுபடியும் விலை கொடுத்துக் காக்க வேண்டிவரும் என்ற அச்சத்தை வணிகக்குறி உரிமையாளர்களிடம் விதைத்தவையும் இவைதாம். அவர்கள் புதிய பின்னொட்டுகளையே எதிர்த்ததற்கு அந்தக் கணக்கே காரணம்.

டாட் காம் ஏகபோகத்தை உடைப்பதற்காக 150 வரை புதிய பின்னொட்டுகளைச் சேர்க்கலாம் என்று போஸ்டல் 1996இல் முன்மொழிந்தார். கலிபோர்னியாவைச் சேர்ந்த இமேஜ் ஆன்லைன் டிசைன் என்ற சிறு நிறுவனம், டாட் வெப் பின்னொட்டைத் தான் நடத்தப்போவதாக அறிவித்து, அதிகாரபூர்வ வேர்ப் பட்டியலுக்கு வெளியே பதிவுகளை ஏற்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். போஸ்டலின் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் அந்நிறுவனம் விண்ணப்பத்தோடு 1,000 டாலர் காசோலையையும் கொடுத்தது. காசோலை திரும்ப வந்தது. 1997இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பங்கேற்போடு உருவான ஜெனிவா திட்டம் டாட் வெப் உள்ளிட்ட ஏழு பின்னொட்டுகளை முன்வைத்தபோது, இமேஜ் ஆன்லைன் டிசைன் நீதிமன்றத்தை நாடி, ‘டாட் வெப்’ தன் வணிகக்குறி என்று வாதிட்டது. 2000இல் வந்த தீர்ப்பு பிற்காலம் முழுவதற்கும் அடிப்படையாக அமைந்தது: பின்னொட்டு என்பது ஒரு சேவை யாரிடமிருந்து வருகிறது என்று காட்டும் அடையாளம் அன்று, சேவையின் வகையையே குறிப்பது, ஆகவே அது வணிகக்குறியாகாது. புள்ளிக்கு இடப்புறத்தில் உரிமை கொண்டாட உதவிய சட்டம் வலப்புறத்தில் கைவிரித்துவிட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு நீதிமன்றமல்லாத ஓர் அமைப்பின் மேல் விழுந்தது.

அந்த அமைப்பே ஐகான். ஜெனிவா திட்டத்தை ஏற்காத அமெரிக்க அரசு 1998இல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டதைத் தொடர்ந்து, லாபநோக்கற்ற கலிபோர்னிய நிறுவனமாக அது செப்டம்பரில் பதிவாயிற்று; அடுத்த மாதமே போஸ்டல் காலமானார். 1999இல் ஐகான் ஏற்ற சீரான பூசல்தீர்வுக் கொள்கை, முறைகேடாகப் பதியப்பட்ட பெயர்களை நீதிமன்றம் செல்லாமலே மீட்பதற்கு வழி செய்தது. பெயர் வணிகக்குறியோடு குழப்பமுண்டாக்குமளவு ஒத்திருத்தல், பதிந்தவருக்கு நியாயமான உரிமை இல்லாதிருத்தல், பதிவும் பயன்பாடும் தீய நோக்கத்தோடு அமைதல் ஆகிய மூன்றையும் மனுதாரர் மெய்ப்பிக்க வேண்டும். உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் பெயர் தொடர்பாக 2000 ஜனவரியில் வெளிவந்ததே இதன்கீழ் முதல் தீர்ப்பு.

அந்த ஆண்டே ஐகான் புதிய பின்னொட்டுகளுக்கு முதன்முறையாக விண்ணப்பம் கோரியது. கட்டணம் 50,000 டாலர், திருப்பித் தரப்படாதது. பரிசீலனைக்கு வந்த 44 விண்ணப்பங்களிலிருந்து நவம்பரில் ஏழு பின்னொட்டுகளை ஆட்சிக்குழு ஒரே கூட்டத்தில் தேர்ந்தது. எந்த அளவுகோலால் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. டாட் வெப்பை முதல் விருப்பமாகக் கேட்டிருந்தவர்களுள் அஃபிலியஸ் என்ற கூட்டு நிறுவனமும் ஒன்று. நான்காண்டுகளாக அப்பெயரில் இயங்கிவந்த இமேஜ் ஆன்லைன் டிசைன் இருக்கும்போது அதை இன்னொருவருக்குக் கொடுப்பதில் தமக்குள்ள தயக்கத்தை ஆட்சிக்குழு உறுப்பினர் வின்ட் செர்ஃப் கூட்டத்தில் வெளிப்படுத்தவே, அஃபிலியஸுக்கு டாட் இன்ஃபோ தரப்பட்டது. டாட் வெப் யாருக்கும் தரப்படவில்லை. மனிதர் உட்கார்ந்து தகுதி பார்த்து முடிவெடுக்கும் இந்த முறை பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடுத்து வந்த விதிகள் பெரும்பாலும் தகுதியைத் தீர்ப்பிடும் அந்தச் சுமையிலிருந்து விலகுவதற்கான முயற்சிகளாகவே அமைந்தன என்று கொள்வதில் தவறில்லை.

2011 ஜூன் 20 அன்று சிங்கப்பூரில் கூடிய ஆட்சிக்குழு, எண்ணிக்கை வரம்பின்றிப் பின்னொட்டுகளைத் திறந்துவிடும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர். 2012 ஜூன் 13 அன்று பட்டியல் வெளியானபோது 1,930 விண்ணப்பங்கள் வந்திருந்தன. டோனட்ஸ் என்ற புதிய நிறுவனம் மட்டும் 307 பின்னொட்டுகளைக் கேட்டிருந்தது, கூகுள் 101, அமேசான் 76. டாட் ஆப் பின்னொட்டுக்கு 13 பேர் போட்டியிட்டனர்.

இத்தனை விண்ணப்பங்களை எந்த வரிசையில் பரிசீலிப்பது என்பதே முதல் சிக்கலாயிற்று. ஐகான் கண்ட தீர்வுக்கு ‘டிஜிட்டல் வில்வித்தை’ என்று பெயர்: விண்ணப்பதாரர் ஒரு நேரத்தை முன்கூட்டிக் குறித்துவிட்டு, அந்த நொடிக்கு மிக நெருக்கமாகத் தம் சொடுக்கு ஐகானின் கணினியை அடையும்படி பொத்தானை அழுத்த வேண்டும், குறி தவறாதவர் முதல் தொகுதியில் இடம்பெறுவார். கோடிக்கணக்கான டாலர் முதலீட்டின் விதியை வலையமைப்புத் தாமதத்திடம் ஒப்படைக்கும் இந்த ஏற்பாட்டில், கட்டணம் வாங்கிக்கொண்டு அம்பெய்து தரவும் சிலர் முன்வந்தனர். கேலியும் தொழில்நுட்பக் குறைகளும் சேர்ந்துகொள்ளவே, அது 2012 ஜூன் மாதத்திலேயே நிறுத்தப்பட்டது. மாற்றாக வந்தது குலுக்கல். கலிபோர்னியச் சூதாட்டச் சட்டத்துக்கு இடம் கொடுக்காதபடி அறக்கொடைக் குலுக்கலுக்குரிய விதிவிலக்கைப் பயன்படுத்தி, 100 டாலர் சீட்டுகளை விற்று, டிசம்பர் 17 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விடுதி ஒன்றில் அது நடத்தப்பட்டது. இலத்தீன் அல்லாத எழுத்துகளில் அமைந்த பெயர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டதால், கத்தோலிக்கம் என்று பொருள்படும் சீன எழுத்துப் பின்னொட்டுக்கான வத்திக்கானின் விண்ணப்பம் முதல் எண்ணைப் பெற்றது.

ஆட்சேபங்களை ஐகான் தானே விசாரிக்காமல் வெளி அமைப்புகளிடம் பகிர்ந்தளித்தது. பெயர்கள் ஒன்றையொன்று ஒத்துக் குழப்பும் என்ற ஆட்சேபம் அமெரிக்க நடுவர் சங்கத்தின் பன்னாட்டுப் பிரிவுக்கும், வணிகக்குறி உரிமை மீறப்படும் என்பது உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்புக்கும், ஒரு சமூகத்தின் நலன் பாதிக்கப்படும் என்பது பன்னாட்டு வணிகச் சபைக்கும் சென்றன. முதல் வகையில் முரண்பாடுகள் மலிந்தன. ஐகானின் தொடக்க ஆய்வு, முழுதும் ஒன்றாக இல்லாத பெயர்களுள் டாட் ஹோட்டல்ஸ் – டாட் ஹோட்டெய்ஸ், டாட் யூனிகாம் – டாட் யூனிகார்ன் ஆகிய இரு இணைகளை மட்டுமே கண்ணுக்குக் குழப்பமானவை என்று கண்டது. ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே குழப்பம் இல்லையென்று விட்டுவிட்டது. பின்னர், டாட் காம் பதிவகமான வெரிசைன், டாட் கேம் கேட்ட மூவரையும் எதிர்த்தபோது இரு நடுவர்கள் குழப்பமில்லை என்றும் ஒருவர் குழப்பமுண்டு என்றும் முடிவு செய்தனர். ஒரே எழுத்துகள், ஒரே வாதம், இரு வேறு தீர்ப்பு. 2015இல் மறுஆய்வுக் குழு ஒன்று அதைச் சரிசெய்யும்வரை பாதிக்கப்பட்டவருக்கு வழியில்லாதிருந்தது.

வணிகக்குறி ஆட்சேபங்களில் மெர்க் வழக்கைப்போல் இச்சிக்கலின் வேரைத் தொட்டது வேறில்லை. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் 1668இல் ஒரு மருந்துக்கடையாகத் தொடங்கிய மெர்க் குடும்ப நிறுவனம், 1891இல் அமெரிக்காவில் கிளை தொடங்கியது. முதல் உலகப் போரின்போது அக்கிளை எதிரிநாட்டுச் சொத்தாகப் பறிமுதலாகித் தனி நிறுவனமாயிற்று. அதன்பின் இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘மெர்க்’ அமெரிக்க நிறுவனத்துக்கு, உலகின் பிற பகுதிகளில் ஜெர்மானிய நிறுவனத்துக்கு என்று பெயரைப் பங்கிட்டுக்கொண்டன. பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த இந்தப் பங்கீட்டுக்கு டாட் மெர்க் பின்னொட்டில் இடமே இல்லை. இருவரும் விண்ணப்பித்தனர், ஒருவர்மேல் ஒருவர் ஆட்சேபம் எழுப்பினர், இருவருக்கும் உரிமை உண்டு என்பதாலேயே இருவரின் வணிகக்குறி ஆட்சேபங்களும் தள்ளுபடியாயின. ஜெர்மானிய நிறுவனம் ஐகானுக்கு எதிராகச் சுயாதீன மறுஆய்வு, அதாவது ஐகான் தன் சட்டதிட்டங்களை மீறியதா என்று வெளி நடுவர் குழு பார்க்கும் நடைமுறையை நாடி, அதிலும் 2015இல் தோற்றது.

இவ்வகை ஆட்சேபங்களுள் மிகப் பெரும்பாலானவை தோற்றன. வென்ற சிலவற்றுள் ஒன்று டெல் மான்டே: குறியின் உரிமையாளரான அமெரிக்க நிறுவனம், புதுப்பழங்களுக்கு அக்குறியைப் பயன்படுத்தும் உரிமம் பெற்றிருந்த நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தடுத்தது. சீனாவில் குறும்பதிவுத் தளம் நடத்திய இரு போட்டியாளர்களுள் சினா, டென்சென்ட் கேட்ட டாட் வெய்போவைத் தடுத்தது. ஒரு விளையாட்டின் பொதுப்பெயருக்கும் ஆடைக் குறிக்கும் இடையிலான பூசலில் ரால்ஃப் லாரன் கேட்ட டாட் போலோ, அமெரிக்கப் போலோ சங்கத்தின் சமூக ஆட்சேபத்தால் வீழ்ந்தது. ஆட்டத்தை ஆடுவோர் ஒரு சமூகம் என்று ஏற்கப்பட்டதை வணிகக்குறி வழக்கறிஞர்கள் எளிதில் செரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அரசுகள் தலையிட்டபோது வாதத்தின் தளமே வேறாயிற்று. ஐகானுக்குள் நாடுகளின் பிரதிநிதிகளைக் கொண்ட அரசு ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அது ஒருமனதாகக் கூறும் கருத்தை ஆட்சிக்குழு எளிதில் புறக்கணிக்க இயலாது. டாட் அமேசானை அமெரிக்க நிறுவனம் கேட்டபோது, அது தங்கள் நிலத்தின், நதியின் பெயர் என்று பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அதுவரை தடையாக நின்ற அமெரிக்கா 2013 ஜூலையில் நடுநிலை வகிக்க, டர்பன் கூட்டத்தில் குழு ஒருமனதாக எதிர்ப்பைத் தெரிவித்தது; 2014 மே மாதத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விதிகளின்படி முன்அனுமதி தேவைப்படும் நிலப்பெயர்ப் பட்டியல் எதிலும் ‘அமேசான்’ இல்லை என்பதே நிறுவனத்தின் வலுவான வாதம். 2017இல் மறுஆய்வுக் குழு நிறுவனத்துக்குச் சாதகமாக முடிவு கூற, கிண்டில் கருவிகள் உள்ளிட்ட 50 லட்சம் டாலர் மதிப்புள்ள உதவிகளை நிறுவனம் முன்மொழிந்தும் அமேசான் நாடுகள் இணங்கவில்லை. 2019இல் ஐகான் நிறுவனத்தின் பக்கம் முடிவு செய்ய, 2020இல் பின்னொட்டு வேர்ப் பட்டியலில் சேர்ந்தது. அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்த டாட் பெடகோனியாவையோ அதே பெயருடைய ஆடை நிறுவனம் 2013இலேயே திரும்பப் பெற்றுவிட்டது. பேராறும் பெருங்காடும் பட்டியலில் இல்லாததால் காக்கப்படவில்லை. ஆனால் டாடா குழுமம் கேட்ட டாட் டாடா, மொராக்கோவில் அதே பெயருடைய மாகாணம் ஒன்று பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் இருந்ததால் அந்நாட்டின் சம்மதத்தை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. இந்திய அரசு தன் பங்குக்கு, கிரைஸ்லர் தன் வண்டிப் பெயருக்காகக் கேட்ட டாட் ராம் பின்னொட்டையும், ரிலையன்ஸ் கேட்ட டாட் இந்தியன்ஸ் பின்னொட்டையும் எதிர்த்தது. அந்தக் கவலை டர்பன் அறிக்கையில் பதிவாயிற்று.

ஆட்சேபங்களைத் தாண்டியும் ஒரு பெயருக்குப் பலர் எஞ்சினால் முடிவு ஏலத்தில். தனியார் ஏலத்தில் வென்றவர் கட்டும் பணத்தைத் தோற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆகவே தோற்பதே வருமானமாகும் விநோதம் அங்கே நிகழ்ந்தது. அதற்கு இணங்காதபோது ஐகான் நடத்தும் கடைசி ஏலத்தில் பணம் ஐகானுக்குச் சேரும். டாட் ஆப்புக்காகக் கூகுள் 2015இல் ஏறத்தாழ 2.5 கோடி டாலரும், டாட் ஷாப்புக்காக ஜப்பானின் ஜிஎம்ஓ 2016 ஜனவரியில் ஏறத்தாழ 4.15 கோடி டாலரும் கொடுத்தன.

டாட் வெப் இவ்வெல்லாவற்றையும் மிஞ்சியது. 2012 சுற்றில் அதற்கு ஏழு விண்ணப்பங்கள். விஸ்டாபிரிண்ட் தன் ‘வெப்ஸ்’ வணிகக்குறிக்காகக் கேட்ட டாட் வெப்ஸும் குழப்பத்துக்கு இடம் தரும் என்ற ஆட்சேபத்தின் பேரில் அதே போட்டிக்குள் இழுக்கப்பட்டது. 1996 முதல் காத்திருந்த இமேஜ் ஆன்லைன் டிசைன், தன் பழைய விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ளது என்று தொடுத்த வழக்கு 2013இல் தள்ளுபடியாயிற்று. 2016 ஜூலை 27, 28 தேதிகளில் நடந்த ஏலத்தில் நு டாட் கோ என்ற சிறு நிறுவனம் 13.5 கோடி டாலருக்கு வென்றது. சில நாட்களில், பணம் கொடுத்தது வெரிசைன் என்பது வெளியாயிற்று. 2000இல் டாட் வெப் கேட்டு டாட் இன்ஃபோவோடு திரும்பிய அதே அஃபிலியஸ்தான் இந்த ஏலத்தில் இரண்டாமிடம். விண்ணப்பத்தில் மறைக்கப்பட்ட பங்காளியின் பணத்தால் வென்றது விதிமீறல் என்பது அதன் வாதம். டாட் காம் பதிவகத்தின் கையில் டாட் வெப்பும் சேர்ந்தால் போட்டி எங்கே என்பது அதற்கு அடியில் ஓடிய கவலை. 2021 மே மாதத்தில் மறுஆய்வுக் குழு, விதிமீறல் நடந்ததா என்பதைத் தீர்மானிக்காமலே ஐகான் காலம் கடத்தியது தவறு என்று கண்டு, கேள்வியை ஆட்சிக்குழுவிடமே திருப்பி அனுப்பியது. 2023 ஏப்ரலில் ஆட்சிக்குழு விதிமீறல் இல்லை என்று முடிவு செய்ய, ஆல்டனோவோ என்று பெயர் மாறியிருந்த மனுதாரர் அவ்வாண்டே மறுபடியும் மறுஆய்வு கோரினார்.

பின்னொட்டு கிடைத்தபின்னும் வணிகக்குறிச் சிக்கல் தீரவில்லை. அது இடப்புறத்துக்குத் திரும்பியது. 2013 மார்ச்சில் தொடங்கிய வணிகக்குறித் தொகுப்பகத்தில் தம் குறியைச் சரிபார்த்துப் பதிந்தவர், ஒவ்வொரு புதிய பின்னொட்டும் பொதுமக்களுக்குத் திறக்கும் முன் குறைந்தது 30 நாள் முன்பதிவு வாய்ப்பைப் பெறுவார். காப்பதற்கென ஏற்பட்ட இந்த வாய்ப்பையே விலையேற்றத்துக்குப் பயன்படுத்தியது, வசைச்சொல்லான டாட் சக்ஸ் பின்னொட்டின் பதிவகம். 2015இல் குறியுரிமையாளர்களின் முன்பதிவுக்கு அது 2,499 டாலர் விதிக்கவே, இது சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஆராயும்படி அமெரிக்க, கனடிய அரசு நிறுவனங்களுக்கு ஐகானே கடிதம் எழுதியது. தான் ஒப்பந்தம் செய்த பதிவகத்தைக் குறித்துத் தானே புகார் எழுதும் நிலை ஐகானின் அதிகாரம் எவ்வளவு என்பதையும் காட்டிவிட்டது.

2026 ஏப்ரல் இறுதியில் விண்ணப்பங்களைத் திறப்பதாகத் திட்டமிடப்பட்ட அடுத்த சுற்றுக்கு ஐகான் விதித்த கட்டணம் 2,27,000 டாலர். அதன் விதிகள் பழைய காயங்களின் பட்டியலைப் போலவே இருக்கின்றன: ஒரே மொழியில் ஒருமையும் பன்மையும் தனித்தனிப் பின்னொட்டுகளாக இயலா, போட்டி ஏற்பட்டால் மாறிக்கொள்வதற்கென ஒரு மாற்றுப் பெயரை முன்கூட்டியே தரலாம், தோற்றவர் பணம் பெறும் தனியார் ஏலத்துக்குத் தடை. தமிழெழுத்துப் பின்னொட்டுகள் இதுவரை .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று நாடுகளைக் குறிப்பனவாக அமைந்துள்ளன. வேர்ப் பட்டியலில் எந்தெந்த எழுத்துகள் எவ்வாறு சேரலாம் என்று வகுக்கும் விதித்தொகுப்பில் தமிழ் 2019இலேயே சேர்ந்துவிட்டதால், பொதுப் பின்னொட்டுகளைத் தமிழில் கேட்பதற்கு எழுத்தளவில் தடை இல்லை. ஒரே பெயரை இருவர் கேட்டு, ஒரு சமூகத்தின் சார்பில் கேட்பவருக்குரிய முன்னுரிமையும் இல்லாமல், இருவரும் விலகவும் மறுத்தால், முடிவு இப்போதும் ஐகான் நடத்தும் ஏலத்திலேயே.